மேற்படி மூவரும் ஒருவரே

மாவட்ட நீதிமன்றத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்
என் மேசை.
இருபது ரூபாய்ப் பத்திரத்தில்
எவருடைய பெயரையும் நேராக்கித் தருவேன்.

அன்று வந்தவர் மெல்ராய்.
அரசரடி ரயில்வே காலனி. கீமேன், ஓய்வு.
ரேஷன் அட்டையில் வால்கர்.
வாக்காளர் அட்டையில் வாக்கர்.
பென்ஷன் புத்தகத்தில் வெறும் வா. மெல்ராய்,
அப்பா பெயர் வாசுதேவனோ என்னவோ என்பதுபோல.

"எதுங்க சரி?"
"எழுத்துல ல் உண்டு தாயி, வாயில கிடையாது.
பள்ளிக்கூடத்துப் பயலுக அதைப் பிடிச்சு இழுத்தே
என்னை வாலுன்னு கூப்பிட்டானுக."

முப்பத்து மூன்று வருஷம்
மதுரைக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் இடையே
தோளில் சுத்தியல், கையில் ஸ்பேனர்,
கட்டைக்குக் கட்டை எட்டு வைத்தவர்.
நடக்கிறவன் என்று பெயர், நடக்கிற வேலை:
தனக்கு முன்பே தன் பெயருக்கு
ஆர்டர் வந்துவிட்டது என்றிருந்தாராம்,

பெர்த்திலிருந்து சித்தப்பா மகன் கடிதம் போடும்வரை.

டெரிக், பணம் கட்டி வம்சம் தேடியவன்.
ஒரு கோட்டை, ஒரு கேடயம்,
குறைந்தது ஒரு குதிரையாவது தேறுமென்று.
தேறியது ஒரு தொட்டி.
இங்கிலாந்தின் வடக்கே, குளிரில்,
கம்பளித் துணியை உள்ளே போட்டு
புளித்த மூத்திரம் ஊற்றி
முழங்கால் மட்டும் இறங்கி மிதித்தவன் பெயர் அது.
வழி நடந்தவன் இல்லை.
நின்ற இடத்திலேயே நடந்தவன்.
தெற்கே அதே வேலைக்கு ஃபுல்லர், தென்மேற்கே டக்கர்;
நாறிய கால் ஒன்றுதான்.
அதற்குப் பிறகு டெரிக் கடிதம் எழுதவில்லை.

மெல்ராய் சிரித்தார். பல்செட் கொஞ்சம் நகர்ந்தது.

கடைசிப் பத்தியில் இன்னொன்று இருந்தது:
அந்த ல் ஒரு காலத்தில் ஒலித்ததாம்.
மிதித்தவர்கள் அதையும் சேர்த்தே
தங்களைச் சொல்லிக்கொண்டார்கள்.
பிறகு நாக்கில் தேய்ந்து தேய்ந்து ஊமையானது.
ஆக,
எல்லீஸ் நகர் ரேஷன் ஆபீசில்
மதியச் சாப்பாட்டு மயக்கத்தில் எவரோ ஒருவர்
சீமையே தொலைத்த சத்தத்தை
நீலப் பேனாவால் மீட்டு எழுதியிருக்கிறார்.

தட்டச்சு செய்த கை நின்றது எனக்கு.

பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர்
அதில் அப்பாவை உட்கார வைப்பார்கள்,
மீதிப் பேர் கோடு கிழிப்பார்கள்.
நான் கிழித்தேன்.

எங்கள் வீட்டிலும் கால்கள் உண்டு.
வைகையில் தண்ணீர் ஓடிய வருஷங்களில்
அப்பா உவர்மண் கரைசலில் இறங்கி
ஊர் வேட்டிகளை மிதித்தார்.
அந்த வேலையை நாங்கள் பெயருக்குப் பின்னால் கட்டவில்லை.
முன்னால் ஓர் எழுத்து, ஒரு புள்ளி.
ஆனாலும் யாராவது மெல்லக் கேட்பார்கள்:
"நீங்க எந்தத் தெரு?"
சொன்னதும்,
உட்காரச் சொன்ன நாற்காலி யோசிக்கும்.

அங்கே தொழில் கழன்று விழுந்தது, பெயர் தங்கியது.
அந்தப் பெயரோடு பட்டாளத்தில் சேர்ந்தார்கள், கப்பல் ஏறினார்கள்,
எங்களை ஆளக்கூட வந்தார்கள்.
யாரும் தொட்டியை முகர்ந்து பார்க்கவில்லை.
இங்கே பெயரைக் கழற்றி எறிந்தோம்.
அது புள்ளிக்குள் சுருண்டு
கூடவே வருகிறது.

"இன்னொண்ணு," என்றார் மெல்ராய்.
குடும்பத்தின் முதல் ஞானஸ்நானப் பதிவில்
தகப்பனுக்கு அந்தப் பெயர் முழுதாக இருக்கிறது.
தாய் என்ற இடத்தில்: உள்ளூர்ப் பெண்.
அவ்வளவுதான்.
தொலைப்பதற்கு ஒரு ல் கூட இல்லாதவள்.
சொல்லிவிட்டு
இளநீர் சீவுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதைப் போடட்டும்?"
"ல் இருக்கட்டும் தாயி."

வால்கர், வாக்கர், வா. எனக் குறிப்பிடப்படும்
மேற்படி மூவரும் ஒருவரே
என்று அடித்து முடித்தேன்.
சாட்சிக்கு ஆள் வேண்டும்.
ஜெராக்ஸ்காரன் சாப்பிடப் போயிருந்தான்.
நானே போட்டேன்: மு. பஞ்சவர்ணம்.
அவர் அந்தப் புள்ளியைப் பார்த்தார்,
எதுவும் கேட்கவில்லை.

பிறகு சாலையைக் கடந்தார்,
கட்டைகள் இல்லாத தாரிலும்
கட்டைக்குக் கட்டை வைத்த
அதே எட்டில்.